கணக்குக்கு முன் வந்த விசுவாசம்: பேராயர் கொலென்சோவும் ஐந்தாகமமும்

வேதாகமம் எழுத்துக்கு எழுத்து உண்மை என்ற நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டங்கண்டதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படும். நிலவியலும் 1859-இல் வந்த டார்வினின் நூலும் ஒன்று. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் மூலபாட ஆய்வு மற்றொன்று. இரண்டையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கிலாந்துத் திருச்சபையைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த வழக்கு ஒன்று முளைத்தது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே எகுகன்யேனி என்ற மிஷன் நிலையத்தின் மொழிபெயர்ப்பு மேசையில்.

அந்த மேசையில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் ஜான் வில்லியம் கொலென்சோ. கார்ன்வாலில் 1814-இல் பிறந்தவர். 1836-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர். அவர் எழுதிய எண்கணித, இயற்கணிதப் பாடநூல்களை இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு மேல் படித்தார்கள். 1853-இல் நேட்டாலின் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். சூலு மொழியைக் கற்று இலக்கணமும் அகராதியும் தொகுத்தார். புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். மற்றவர் வில்லியம் ங்கிடி, அவருடைய சூலு உதவியாளர். பேராயரின் சொல் தெரிவுகளைத் திருத்தித் தரும் அளவுக்குத் தாய்மொழியில் கூர்மை உள்ளவர்.

ஜலப்பிரளயப் பகுதியை மொழிபெயர்க்கும்போது ங்கிடி கேட்டார்: இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததுதானா? வெப்ப நாட்டு மிருகமும் குளிர் நாட்டு மிருகமும் ஜோடி ஜோடியாக வந்து பேழையில் ஏறினவா? அத்தனைக்கும், புலால் உண்பவற்றுக்கும் சேர்த்து, நோவா தீனி சேர்த்து வைத்தாரா? கொலென்சோவுக்கு நிலவியல் தெரியும். உலகம் முழுவதையும் வெள்ளம் மூடியிருந்தால், பிரான்சின் ஓவெர்ன் பகுதி எரிமலைக் கூம்புகளின் மேல் கிடக்கும் லேசான சாம்பலும் கல்லும் அடித்துப் போயிருக்க வேண்டும் என்பதை நிலவியலாளர் லயலின் நூல்களில் படித்திருந்தார். தனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றை, தன்னை நம்பி வந்தவரிடம் கடவுளின் பெயரால் உண்மையென்று சொல்ல மனம் ஒப்பவில்லை. இந்தத் தருணத்தை அவரே தன் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். லண்டன் பத்திரிகைகளுக்கோ கொண்டாட்டம்: காட்டுமிராண்டியை மதம் மாற்றப் போன பேராயரைக் காட்டுமிராண்டி மாற்றிவிட்டான் என்று நையாண்டி செய்தன.

அந்த நையாண்டியின் இரைச்சலில் இன்னொரு பதிவு காதில் விழாமல் போயிற்று. என் பார்வையில் அதுவே கனமானது. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் அடிமைகளைப் பற்றிய சட்டம் ஒன்று வருகிறது: எஜமான் கோலால் அடித்த அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்துவிட்டு இறந்தால் எஜமானுக்குத் தண்டனை கிடையாது, அடிமை அவன் பணம் கொடுத்து வாங்கிய உடைமை. இதை மொழிபெயர்க்கையில் தன் சூலு உதவியாளரிடம் எழுந்த அருவருப்பை மறக்கவே முடியாது என்று கொலென்சோ எழுதுகிறார். தான் போதித்த அன்பான கடவுளா இப்படிச் சொன்னார் என்று அந்த மனிதருக்குத் திகைப்பு. பேழையின் கொள்ளளவைப் பற்றிய ஐயத்துக்கு நிலவியல் விடை தந்துவிடும். கடவுளின் குணத்தைப் பற்றிய இந்த ஐயத்துக்கு நிலவியலிடம் விடை கிடையாது.

இங்கே காலவரிசையைக் கவனிக்க வேண்டும். வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமத்தையும் யோசுவாவையும் ஆராயும் நூலின் முதல் தொகுதி 1862-இல் வந்தது. ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய விளக்கவுரை அதற்கு முந்தைய ஆண்டே, 1861-இல் வெளியாகிவிட்டது. மனிதகுலம் முழுவதும் ஏற்கெனவே தகப்பனாகிய கடவுளின் அன்புக்குள் இருக்கிறது. பாவிகளுக்கு முடிவே இல்லாத நரகம் என்ற போதனை தவறு. கோபங்கொண்ட கடவுளுக்குச் செலுத்திய ஈடாகக் கிறிஸ்துவின் மரணத்தைப் பார்க்கக் கூடாது. இவையே அதன் சாரம். இன்னும் பின்னே போனால், 1853-இல் தன் பிரசங்கத் தொகுப்பை இறையியலாளர் எஃப். டி. மாரிஸுக்குக் காணிக்கையாக்கியதற்கே சுவிசேஷப் பத்திரிகைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். பல மனைவியர் உள்ள சூலு ஆண்கள், ஒருத்தியைத் தவிர மற்ற மனைவியரை வீட்டைவிட்டு அனுப்பினால்தான் ஞானஸ்நானம் என்ற மிஷனரி விதியையும் எதிர்த்தார். அனுப்பப்படும் பெண்ணும் குழந்தைகளும் எங்கே போவார்கள் என்பது அவர் கேள்வி. ஆக, எழுத்தின் மேல் ஐயம் வந்து விசுவாசம் தளர்ந்தது என்ற கதை இவருக்குப் பொருந்தாது. விசுவாசம் முன்னமே விரிந்துவிட்டது. கணக்கு அதன் பின்னால் வந்தது.

அந்தக் கணக்கு உண்மையாகவே பள்ளிக் கணக்குதான். எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேல் ஆண்கள் ஏறத்தாழ 6,00,000. எண்ணாகமத்தின் துல்லியமான தொகை 6,03,550. பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்தால் இருபது லட்சத்துக்குக் குறையாது. ஒரே இரவில் இத்தனை பேருக்கும் செய்தி எட்டி, ஆடுமாடுகளோடு கிளம்ப முடியுமா? சபை முழுவதும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் கூடியது எப்படி? பலிகளையெல்லாம் செலுத்த ஆரோனும் எலெயாசாரும் இத்தாமாரும் ஆக மூன்றே ஆசாரியர் போதுமா? முதற்பேறான ஆண்களின் எண்ணிக்கை 22,273 என்கிறது எண்ணாகமம். வயதுவந்த ஆண்களை மட்டும் வகுத்தாலே ஒரு தலைப்பிள்ளைக்கு 27 ஆண்கள் வருகிறார்கள். சிறுவர்களையும் சேர்த்தால் தாய்மார்களின் பாடு சொல்லி முடியாது.

 

எதிர்ப்பு எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. மாரிஸே விலகிக்கொண்டார். விமர்சகர் மாத்யூ ஆர்னால்ட், இந்த நூல் பாமரரை உயர்த்தவும் இல்லை, கற்றோருக்குப் புதிதாக எதையும் சொல்லவும் இல்லை என்று 1863-இல் எழுதினார். அதே ஆண்டின் இறுதியில் கேப்டவுன் பேராயர் ராபர்ட் கிரே விசாரணை நடத்திப் பதவி நீக்கத் தீர்ப்பு வழங்கினார். குற்றச்சாட்டுகள் ஐந்தாகம நூலிலிருந்து மட்டுமல்ல, ரோமர் விளக்கவுரையிலிருந்தும் எடுக்கப்பட்டன. நித்திய நரகத்தை மறுத்ததும் எண்ணாகமத்தைக் கூட்டிப் பார்த்ததும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதைப் பிற்கால வரலாற்றாசிரியர் பலரைவிட கிரே தெளிவாகவே உணர்ந்திருந்தார். கிரேவுக்கு அந்த அதிகாரம் சட்டப்படி இல்லை என்று 1865-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நிறுத்தப்பட்ட சம்பளமும் 1866-இல் நீதிமன்றத்தின் வழியே திரும்பக் கிடைத்தது. 1867-இல் 76 ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய முதல் லாம்பெத் மாநாட்டுக்கு இந்த விவகாரம் கிளப்பிய கவலையே பெரிய தூண்டுதல். 1869-இல் மக்ரோரி என்பவர் போட்டிப் பேராயராக வந்து சேர, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரே நேரத்தில் இரண்டு பேராயர்கள்.

ஆர்னால்ட் சொன்ன குறையில் பாதி நியாயம் உண்டு. எண்களைக் குறியீடாகவோ பழங்காலப் புனைவு மரபாகவோ பார்க்கும் பொறுமை கொலென்சோவிடம் குறைவு. எதிராளிகளைப் போலவே அவரும் எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொண்டார். மறுபாதி தவறு. ஆசரிப்புக் கூடார அளவுகளும் துல்லியமான தொகைகளும் வரும் அடுக்கைத்தான் அன்றைய அறிஞர்கள் ஐந்தாகமத்தின் மிகப் பழைய, நம்பத்தக்க அடித்தளம் என்று கருதினார்கள். நடக்கவே முடியாத செய்திகள் குவிந்திருப்பதும் அதே அடுக்கில்தான் என்று கொலென்சோவின் கணக்கு காட்டிக்கொடுத்தது. லைடனில் இருந்த வேதாகம அறிஞர் ஆபிரகாம் கூனன் இதைப் பிடித்துக்கொண்டு, அந்த அடுக்கு பிந்தியதாக இருக்க வேண்டும் என்ற முடிவை நோக்கி நகர்ந்தார்; தன் கடனை வெளிப்படையாகவும் ஒப்புக்கொண்டார். 1878-இல் ஜெர்மானிய அறிஞர் வெல்ஹவுசன் நிறுவிய கோட்பாட்டுக்கு இந்தத் திருப்பம் அடிப்படை.

சாட்சியங்களை அடுக்கி முரண்பாடு காணும் அதே முறையை அவர் அரசாங்க ஆவணங்கள் மீதும் திருப்பினார். 1873-இல் லூபி இனத் தலைவர் லங்கலிபலேலே கலகக்காரர் என்று பிடிக்கப்பட்டு, பின்னர் ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். கொலென்சோ அதிகாரிகளின் அறிக்கைகளை வரிவரியாகச் சோதித்தார். நெடுநாள் நண்பரும் நேட்டாலின் சுதேசி விவகாரச் செயலாளருமான ஷெப்ஸ்டனோடு பகைத்துக்கொண்டு லண்டன் சென்று வாதாடினார். ஆளுநர் பைன் திரும்ப அழைக்கப்பட்டார். வெள்ளைக் குடியேறிகளில் பலர் பேராயரை வெறுக்கத் தொடங்கியது உண்மையில் இதற்குப் பிறகுதான். ஐந்தாகமத்தை அவர்கள் அவருக்கு மன்னித்திருந்தார்கள். சூலுக்கள் அவரை சோபந்து, மக்களின் தந்தை, என்று அழைத்தார்கள்.

1879 ஜனவரியில் இசண்ட்ல்வானாவில் சூலுக்களிடம் பிரிட்டிஷ் படை அழிந்தது. பழிவாங்கும் வெறி நகரெங்கும் பரவியிருந்த மார்ச் மாதத்தில், கொலென்சோ தன் பேராலயத்தில் பிரசங்கித்தார். நியாயமும் இரக்கமும் தாழ்மையும் கேட்கும் மீகா தீர்க்கதரிசியின் வசனத்தை எடுத்துக்கொண்டு, இந்தப் போரில் நாம் காட்டிய நியாயம் எங்கே, இரக்கம் எங்கே என்று தன் சொந்த இனத்தாரைக் கேட்டார். ஐந்தாகம ஆய்வின் ஏழாவதும் கடைசியுமான தொகுதி வெளியானதும் அதே ஆண்டில்தான்.