காற்றாலையை வென்ற துப்பாக்கி

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் நகரில், 1882 இல் இரும்புக் காற்றாலைத் தொழிற்சாலை ஒன்று தோன்றியது. வணிகம் மந்தமாயிற்று. 1888 இல் கிளாரென்ஸ் ஹாமில்டன் என்பவர், முழுதும் உலோகத்தாலான மலிவான காற்றுத் துப்பாக்கியை அங்கே கொண்டுவந்தார். காற்றாலை வாங்கிய உழவர்களுக்கு அஃது இலவசமாக அளிக்கப்பட்டது. காற்றாலையைவிட இலவசப் பொருளுக்கே கிராக்கி மிகுந்தது! 1895 இல் அந்நிறுவனம், 'டெய்சி' என்னும் துப்பாக்கியின் பெயரையே சூடிக்கொண்டது.

அதன் இயக்கம் எளிது. அழுத்திவைத்த சுருள்வில் விடுபட்டதும் உந்துதண்டு காற்றை அழுத்துகிறது. அக்காற்று குண்டை வெளியே தள்ளுகிறது.

தொடக்கத்தில் பறவை வேட்டைக்கான ஈயச் சன்னமே குண்டாகப் பயன்பட்டது. 1920களில் எஃகுக் குண்டு வந்தது. அளவு ஒன்றாயினும் எஃகு ஈயத்தைவிட இலேசானது. ஆதலால் விரைந்து பாயும். ஆனால் கடினப் பரப்பில் மோதினால் ஈயம் நசுங்கும். எஃகோ எகிறித் திரும்பும். ஆகவே, சுடுபவர் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது.