ஷெபீல்டு உளிகள்

மரச்சிற்பிகள் கையாளும் உளிகளில் வாய் வளைந்த குடைவுளிக்குத் தனிப் பெருமை உண்டு. இலையின் நரம்பையும் ஆடையின் மடிப்பையும் கூந்தலின் சுருளையும் மரத்தில் வரவழைப்பது அதுவே. இவ்வகை உளிகளில், 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லண்டன், ஷெபீல்டு நகரங்களிலிருந்து வெளிவந்தவற்றுக்குச் சிற்பிகளிடையே இன்றும் மதிப்புக் குறையவில்லை. ஏலங்களிலும் பழைய சாமான் கடைகளிலும் அவற்றைத் தேடி அலைவோர், அலகின் மேல் பொறித்துள்ள பெயரைக் கண்ட மாத்திரத்தில் கேட்ட கிரயத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பெயரைப் போற்றுவது தவறன்று. ஆயினும் அப்பெயர் எவ்விதம் உண்டாயிற்று, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறிற்று, அதன் பின்னே நின்ற உருக்கு எத்தகையது என்பவற்றை அறியாமல் செய்யும் மதிப்பீடு அரைகுறையானது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

உருக்கிலிருந்தே தொடங்குவோம். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஷெபீல்டுக் கொல்லர்கள், ஸ்வீடன் தேசத்து இரும்புப் பாளங்களை அடுப்புக்கரியோடு மூடிய உலையில் பல நாள் சுட்டு, மேற்புறத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும் ஒருவித உருக்கையே பயன்படுத்தி வந்தார்கள். அதில் கரி சமமாகப் பரவுவதில்லை. ஒரே பாளத்தில் ஓரிடம் கடினமாகவும் மற்றோரிடம் மென்மையாகவும் இருக்கும். கடிகாரம் செய்வதைத் தொழிலாகக் கொண்டிருந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர், கடிகார வில்லுக்கு நம்பத்தக்க உருக்குக் கிடைக்காமல் வருந்தி, ஷெபீல்டை அடுத்த ஹாண்ட்ஸ்வொர்த் என்னும் ஊரில் 1740-களில் செய்த பரீக்ஷைகளின் பலனாக, அக்கொப்புள உருக்கைக் களிமண் மூசையிலிட்டுக் கடும் வெப்பத்தில் முற்றிலும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். உருகிய நிலையில் கசடு மேலே மிதந்து பிரிந்தது. கரி எங்கும் ஒரே அளவாகக் கலந்தது. உள்ளூர்க் கத்திக் கொல்லர்களோ இவ்வுருக்கு மிகக் கடினமாக இருக்கிறதென்று சொல்லி முதலில் ஏற்க மறுத்தார்கள். பிரெஞ்சு தேசத்தார் அதை வாங்கிச் செய்த கத்திகள் தங்கள் சந்தைக்கே போட்டியாக வந்த பிறகுதான் அவர்களுக்குப் புத்தி தெளிந்தது. பழைய உளிகளின் மேல் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று காணும் முத்திரை இந்த மூசை உருக்கையே குறிக்கும். வார்ப்பிரும்பு என்று மயங்கி அதைத் தள்ளிவிட்டவர்களும் உண்டு.

இச்சரித்திரத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சென்னை மாகாணத்தில் கம்பெனி உத்தியோகத்திலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், சேலத்து இரும்புத் தாதுவின் உயர்வையும், அவ்வட்டாரத்தார் சிறு மூசைகளில் உருக்குச் செய்யும் திறமையையும் நேரில் கண்டு வியந்து, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் பெரியதோர் இரும்புத் தொழிற்சாலையை நிறுவினார். அம்முயற்சி அவருக்குச் செல்வம் தரவில்லை. பின்னர் இங்கிலாந்து சென்ற அவர், மூசையில் சிறிதளவு மாங்கனீஸ் சேர்த்தால் உருக்கு அடிக்கும்போது பிளவுபடாமல் இசைந்து கொடுக்கும் என்று கண்டு, 1839-ல் காப்புரிமை பெற்றார். அதனால் ஷெபீல்டு அடைந்த லாபம் அளவற்றது. ஆனால் காப்புரிமைப் பத்திரத்தில் மாங்கனீஸும் கரியும் முன்னதாகவே சேர்ந்த கூட்டுப்பொருள் என்று எழுதியிருந்தபடியால், உற்பத்தியாளர்கள் மாங்கனீஸையும் கரியையும் தனித்தனியே மூசையிலிட்டுச் சட்டத்துக்கு வெளியே நின்று அதே பலனைப் பெற்றார்கள். ஹீத் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். பலன் காணாமலே 1851-ல் இறந்தார். ஒரு நகரத்தின் கீர்த்தியை உயர்த்தியவருக்கு அந்நகரம் செய்த கைம்மாறு இதுவென்று எண்ணுகையில் மனம் வேதனைப்படுகிறது.

அதே 1851-ஆம் ஆண்டில்தான் லண்டன் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. சிற்ப உளிகள் செய்யும் ஆடிஸ் குடும்பத்தின் பெயர் அதில் பரிசுப் பதக்கத்தோடு விளங்கிற்று. எரிந்துபோன பார்லிமெண்டு மாளிகையைப் புதுப்பிக்கும் வேலையும், பழைய காதிக் பாணியில் கோயில்களை அலங்கரிக்கும் ஆர்வமும் மரச்சிற்பிகளுக்கு ஓயாத வேலை கொடுத்த காலம் அது. சாமுவேல் ஜோசப் ஆடிஸ் 1870-ல் காலமானபின், அவருடைய பெயரையும் வியாபாரத்தையும் ஷெபீல்டைச் சேர்ந்த வார்ட் அண்ட் பெய்ன் கம்பெனியார் வாங்கி, அப்பெயரைத் தங்கள் உளிகளில் நெடுங்காலம் பொறித்து வந்தனர். ஆகவே ‘எஸ். ஜே. ஆடிஸ்’ என்ற பெயரை மட்டும் கொண்டு ஓர் உளியை அவருடைய பட்டறையில் பிறந்ததென்று கொள்ள முடியாது. இதில் ஏமாற்றம் அடைய வேண்டியதுமில்லை. வார்ட் அண்ட் பெய்ன் செய்த உளிகளும் உத்தமமானவையே. ஜே. பி. ஆடிஸ் குமாரர்கள் என்ற மற்றொரு கிளையார், தாங்கள் பரிசு பெற்ற ஆண்டுகளை வரிசையாக அலகிலேயே பொறித்து விற்றார்கள்.

வளைவின் அளவைக் குறிக்க ஷெபீல்டார் வகுத்த எண்வரிசை இன்றும் வழக்கிலிருக்கிறது. 1 தட்டை உளி. 2 சாய்ந்த வாயுடையது. 3-ல் வளைவு சொற்பம். 9-ல் அது அரைவட்டத்தை எட்டும். 11 ஒடுங்கி ஆழ்ந்தது. ஒருவர் செய்த 7-ம் மற்றொருவர் செய்த 7-ம் அச்சாக ஒத்திருக்குமென்று எதிர்பார்க்கலாகாது.

இனி உளியைக் கையில் எடுப்போம். முதலில் காண வேண்டியது வெளிப்புறம் அன்று, குழிந்த உள்முகம். உளியின் வாய் என்பது உள்முகமும் வெளிச்சரிவும் கூடும் கோடு. வெளிச்சரிவைச் சாணையில் எத்தனை முறையும் புதுப்பிக்கலாம். உள்முகத்திலோ துரு அரித்த ஒரு சிறு குழி இருந்தாலும், தீட்டத் தீட்ட வாய் பின்வாங்கி அக்குழியை அடையும்போது கூரில் ஒரு பல் விழும், அந்தப் பல் மரத்தில் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கீறலை விடும். மேலே செந்துரு படிந்திருப்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எண்ணெயிட்டுத் துடைத்து, உள்முகத்தை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து, அதன் அடியில் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதே முக்கியம். கம்பிச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கிய உளியைவிட, துருவோடு கிடக்கும் உளியையே நான் அதிகம் நம்புவேன். முன்னதில் குழிகளின் விளிம்பும் முத்திரையின் கூர்மையும் சேர்ந்தே மழுங்கியிருக்கும்.

அடுத்து, அலகின் நீளம். கொல்லன் காய்ச்சித் தோய்த்துப் பதமேற்றியது அலகின் முன்பகுதியை மட்டுமே. தேய்ந்து குட்டையான உளியில் எஞ்சியிருப்பது மென்மையான கழுத்துப் பகுதியாக இருக்கலாம். வாயருகே நீலம் பாய்ந்திருந்தால், யாரோ மின்சாரச் சாணையில் அவசரமாகப் பிடித்துப் பதத்தைப் போக்கிவிட்டார் என்று பொருள். நுண்ணிய அரத்தை வாயருகே மெல்ல இழுத்தால், பதமுள்ள உருக்கில் அது வழுக்கும். பதம் போனதில் பற்றிக் கடிக்கும். பழைய உளிகளின் சிறப்பு அவற்றின் மெலிவிலும் உண்டு: அலகு வாயை நோக்கிச் சீராக மெலிந்து வருவதால், மரத்தை நெம்பிப் பிளக்காமல் நுழைகிறது. உள்முகத்தின் ஓரத்திலும் ஒரு சிறு சரிவு தீட்டியிருப்பதைக் கண்டு கெட்டுப்போன உளி என்று ஒதுக்க வேண்டாம். கைதேர்ந்த சிற்பிகள் பலர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டது அது.

கைப்பிடியையும் பார்க்க வேண்டும். பாக்ஸ்வுட்டிலோ பீச்சிலோ கடைந்த பிடியில், முன்னே பயன்படுத்திய சிற்பியின் பெயர் எழுத்தச்சால் பதிந்திருக்கும். சிலவற்றில் ஒருவர் பெயரின் அருகே மற்றொருவர் பெயர். பலருடைய உளிகள் கிடக்கும் பட்டறையில் தன்னுடையது இன்னதென்று அறிவதற்கான அடையாளம் அது. அப்பெயர் விலையைக் குறைப்பதாகச் சிலர் எண்ணுவதை என்னால் ஒப்ப முடியவில்லை. தொழிலாளி தன் பெயரை இட்டுக் காத்து வந்த உளி பெரும்பாலும் நல்ல உளி. அடுத்த தலைமுறையான் அதைத் தன் பணத்தில் வாங்கித் தன் பெயரையும் சேர்த்தான் என்றால், அதைவிடச் சிறந்த சான்றிதழ் வேண்டியதில்லை. ஒருவர் ஆயுள் முழுவதும் சேர்த்த வரிசையை வியாபாரிகள் பிரித்துத் தனித்தனியே விற்றுவிடுவதால் நேரும் நஷ்டமும் இங்கேதான்: எந்த வளைவுக்குப் பின் எந்த வளைவு என்று அவர் தேர்ந்து வைத்த முறைமை ஒரு நாளில் அழிந்துபோகிறது. ஆகையால் முழு வரிசை கிடைக்குமானால், அதில் சில உளிகள் சாதாரணமானவையாக இருந்தாலும், சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவதே தகும்.

கடைசிப் பரீக்ஷை மரத்தில்தான். இதற்குக் கடின மரத்தை எடுப்பது பலரும் செய்யும் பிழை. கூர் சுமாராக உள்ள உளியும் கடின மரத்தில் வழவழப்பாக வெட்டிவிடும். 17-ஆம் நூற்றாண்டில் கிரின்லிங் கிப்பன்ஸ் தம் மலர்ச்சரங்களைச் செதுக்கிய லிண்டன் போன்ற மென்மரத்தை எடுத்து, நன்றாகத் தீட்டிய உளியால் நாருக்குக் குறுக்கே ஒரு வெட்டுப் போட வேண்டும். வெட்டிய தடம் நார் நசுங்காமல் பளபளவென்று மின்னினால் உருக்கு நல்லது. அதே வாயோடு மறுபடி தீட்டாமல் ஒரு பொழுது முழுவதும் வேலை செய்து, மாலையிலும் அந்த மினுக்குக் குறையாதிருந்தால், அலகில் எவர் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்ட கிரயத்தைக் கொடுக்கலாம்.