செஞ்சோற்றுக் கடனும் உதிரப்பட்டியும்



புதுக்கோட்டை மாவட்டக் கோயில்களைக் கண்டு முடித்து, ஒரு மாலைப் பொழுதில் கோட்டைப்பட்டினக் கடற்கரையை வந்தடைந்தோம். விசைப்படகுகள் அணிவகுத்திருந்தன. கிழக்கே பாக் நீரிணை, அதற்கப்பால் ஈழம். நம் குழுவின் இளைய நண்பர் ஒருவர், தாம் விளையாடும் கதைமாந்தர் விளையாட்டொன்றைப் பற்றி அங்கேதான் பேசத் தொடங்கினார். 1991இல் வெளிவந்த 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' என்னும் அவ்விளையாட்டில், இரத்தக் காட்டேரி ஒருவனின் குருதியை மூன்று இரவுகளில் மும்முறை பருகியவன் அவனுக்கு மீளா அடிமையாகிவிடுவானாம். தலைவனின் உயிரைக் காப்பதற்கென்றே பிறந்த மெய்க்காவலர் குருதிவழி ஒன்றைத் தாமே புனைந்துகொண்டிருப்பதாகவும் நண்பர் கூறினார். "நம் ஊரில் இப்படி ஏதேனும் உண்டா?" என்பது அவர் கேள்வி.

காட்டேரிகளை விட்டுவிடுவோம். மெய்க்காவலர் உண்டு. ஆனால் அவர்களைக் கட்டியது குருதியன்று, சோறு.

பத்தாம் நூற்றாண்டில் எழுதிய அரபு ஆசிரியர் அபூ ஸைத், இந்திய அரசர் சிலரின் வழக்கம் ஒன்றைக் குறிக்கிறார். முடிசூடும் அரசன் சோறாக்கச் செய்து தான் சிறிது உண்பான். விரும்பி முன்வரும் சில நூறு பேர் அவன் கையால் அச்சோற்றைப் பெற்று உண்பர். உண்டவர் அனைவரும் அரசன் மாண்ட நாளில் ஒருவர் எஞ்சாமல் தீப்பாய வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும், அரசனின் அணுக்கர்கள் அவனது ஈமத்தீயில் விழுந்து உடன்மாய்வதைச் சொல்கிறார். இடையே ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள்! செஞ்சோற்றுக் கடன் என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடும் தொடரின் பின்னே எவ்வளவு வெம்மை இருந்திருக்கிறது!

சோழர் பக்கம் இவர்கள் வேளைக்காரர். உற்ற வேளையில் உயிர் கொடுப்போர் என்பது வழக்கமான விளக்கம். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் 'தெரிந்த வலங்கை வேளைக்காரர்' என முடியும் படைப்பெயர்கள் பலவற்றைக் காணலாம். பாண்டியர் பக்கம் தென்னவன் ஆபத்துதவிகள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனைப் படித்த எவருக்கும் இப்பெயரைக் கேட்டதும் இரவிதாசன் நினைவுக்கு வருவான். நமக்கும் அப்படித்தான். ஆனால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஆதித்த கரிகாலனைக் கொன்றோரைக் குறிக்கும் உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோர் இடம்பெறுகின்றனர். அவர்களை ஆபத்துதவிகள் என்று அக்கல்வெட்டு எங்கும் கூறவில்லை. பிரமாதிராஜன் என்பதோ அதிகாரிகள் தாங்கிய பட்டம். ஆபத்துதவி ஆக்கியது கல்கியின் கற்பனை. அழகிய கற்பனைதான், ஐயமில்லை. வரலாறாக எடுத்துக்கொள்ளத்தான் கூடாது.

அதே கல்வெட்டில் நம்மைத் தயங்க வைப்பது வேறொன்று. குற்றவாளிகளோடு நில்லாமல் அவர்தம் உற்றார் உறவினர் நிலங்களும் பறிக்கப்படுகின்றன. மறுபுறம், போரிலும் காவலிலும் மாண்டவன் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். குருதிவழி என்பதன் பொருள் இங்கே விளங்குகிறது. சோறுண்டவன் ஒருவன்; அதன் பயனும் பழியும் பிள்ளைகளுக்கும் சேர்ந்தே வந்தன.

இனி, கோட்டைப்பட்டினத்துக் கரையிலிருந்து நாம் நோக்கிய திசைக்கே செல்வோம். பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொலனறுவையை ஆண்ட விஜயபாகுவின் படையில் வேளைக்காரர் இருந்தனர். சோழர்மீது படையெடுக்க அவன் ஆணையிட்டபோது அவர்கள் மறுத்தனர். தளபதிகளைக் கொன்றனர், அரண்மனைக்குத் தீயிட்டனர், மன்னனின் தங்கையைச் சிறைபிடித்தனர். உயிர்கொடுக்கச் சூளுரைத்தோர் செய்த செயல் இது! கிளர்ச்சியை ஒடுக்கிய விஜயபாகு, அதன் தலைவர்களைக் கைகட்டி, கொலையுண்ட தளபதிகளின் ஈமத்தீயைச் சுற்றி நிறுத்தி எரித்தான் என்கிறது சூளவம்சம். தாமே விரும்பிப் பாய வேண்டிய தீ, தண்டனையாக வந்து சேர்ந்தது. இந்த வகைத் தண்டனையை அவன் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

படை அதோடு அழிந்ததா என்றால், இல்லை. விஜயபாகுவின் மறைவுக்குப் பின், பொலனறுவையில் புத்தரின் புனிதப்பல் வைக்கப்பட்ட கோயிலைக் காக்கும் பொறுப்பை இதே வேளைக்காரர் ஏற்றனர். அவர்கள் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் அங்கே நிற்கிறது. கோயிலின் ஊர்களையும் ஊழியரையும், அங்கே தஞ்சம் புகுந்தோரையும், தாம் அழிய நேரினும் தம் வழியினர் உள்ளவரை காப்பதாக அதில் உறுதி கூறுகின்றனர்.

நண்பரின் கேள்விக்கு விடை சொல்லி முடிப்பதற்குள் கரையில் இருட்டிவிட்டது. அவருடைய மெய்க்காவலர்கள் தலைவனை ஒருபோதும் மீற முடியாதவர்களாம். விளையாட்டின் விதி அப்படி. பொலனறுவைக் கதையைக் கேட்டபின், அந்த விதியை மாற்றி எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டே பேருந்து ஏறினார்.