குடி, பிரசை, நாடற்றோர்: மலையகத் தமிழர் குடியுரிமை வரலாற்றில் சொல்லும் சட்டமும்

1. சொற்பொருள்

'குடி' என்னும் சொல் தொன்றுதொட்டு இரு பொருட்களைத் தாங்கி வருகிறது. ஒன்று மரபு, திருக்குறளின் 'குடிமை' அதிகாரம் நற்குடிப் பிறப்பையே பேசுகிறது. மற்றொன்று வாழிடம், குடியிருத்தல், குடியேறுதல், குடிபெயர்தல் என்பன இப்பொருளின் வழிப்பட்டவை. இலங்கைச் சட்டத் தமிழில் வழங்கும் 'பிரசாவுரிமை'யின் அடிச்சொல்லாகிய 'பிரஜா' வடமொழியில் மகப்பேற்றையும் ஆட்சிக்குட்பட்ட மக்களையும் குறிக்கும். புணேயில் அன்றாடம் வழங்கும் மராத்திச் சொல்லாகிய 'நாகரிகத்வ' நகரத்தை அடியாகக் கொண்டது. தமிழில் 'நாகரிகம்' பண்பாட்டுப் பொருளில் நிலைபெற்றுவிட்டமையின் மொழிபெயர்ப்பாளரை இடறச்செய்யும் இணை இது.

குடியுரிமைச் சட்டங்களும் மரபு, இடம் என்னும் இரண்டையே பெரிதும் அடிப்படையாகக் கொள்கின்றன. இவற்றுள் ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்கினால் விளைவது யாது என்பதை இலங்கை மலையகத் தமிழர் வரலாறு காட்டுகிறது.

2. சட்ட வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தமிழகத்திலிருந்து காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழியினர் இம்மக்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மரபை அளவுகோலாக்கியது. அச்சட்டத்திற்கு முன் இலங்கையிலேயே பிறந்தவராயினும், அவருடைய தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தவராதல் வேண்டும். பிறப்பாவணமற்ற தோட்டத் தொழிலாளர் இதனை நிறுவ இயலவில்லை. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்தால் பெரும்பாலோர் வாக்குரிமையும் இழந்தனர்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன.

3. பெயரீடு

இம்மக்கள் 'நாடற்றோர்' எனப்பட்டனர். ஐக்கிய நாடுகளின் 1954ஆம் ஆண்டு உடன்படிக்கை, எந்த அரசும் தன் சட்டப்படி தன்னவர் எனக் கருதாத ஒருவரையே இவ்வகையில் அடக்குகிறது. அவர்க்கு இல்லாதது அரசின் ஏற்பேயன்றி வாழ்ந்த நாடு அன்று. ஆதலின் 'குடியுரிமையற்றோர்' என்பதே பொருத்தமான பெயர்ப்பாகும்.

ஒப்பந்தப்படி வந்தோர் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர். இலங்கையிலேயே பிறந்து, முன்னர் இந்தியாவைக் காணாதவர்க்கும் இப்பெயரே வழங்கியது. 'திரும்புதல்' என்னும் வினை இங்கு மரபுக்குரியதே தவிர, ஆளுக்குரியதன்று. எனினும் அவர் இந்தியக் குடிமக்கள். 1983க்குப் பின் போரால் வந்த மலையகத்தார் 'அகதிகள்' எனப்பட்டனர். உரிய பயண ஆவணமின்றி வந்தோர் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தப்படி சட்டமுரணாகக் குடிபுகுந்தோராகக் கருதப்படுவர். பதிவு வழியும் இயல்புரிமை வழியும் அவர்க்கு அடைபடும். ஒரே தோட்டத்திலிருந்து வந்த இருவருள் ஒருவர் வாக்காளர், மற்றவர் முகாம்வாசி. இருவரையும் 'அகதி' எனப் பெயர்த்தால், முன்னவர் பெற்ற உரிமையும் பின்னவர் பெறாத உரிமையும் ஒருங்கே மறைந்துவிடும்.

4. முடிவுரை

இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. 1948இல் பிரிக்கப்பட்ட வாழிடமும் மரபும் இதில் மீண்டும் இணைந்தன. 'குடி' என்னும் சொல் என்றும் பிரிக்காத இரண்டைச் சட்டம் ஒன்றுசேர்க்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின எனலாம்.