ஆடலும் விளையாட்டும் எந்திர அறிவும்: ஊடாட்ட நிகழ்த்துகலையின் வரலாறு குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

தமிழில் ‘ஆடு’ என்னும் வினை கூத்தையும் விளையாட்டையும் ஒருசேரக் குறிக்கும். கூத்தாடுதல், பந்தாடுதல், பகடையாடுதல் ஆகிய மூன்றும் ஒரே அடியிலிருந்து பிறந்தவை. சிலப்பதிகார வாழ்த்துக்காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என விளையாட்டின் பெயராலேயே பாடல்கள் வகுக்கப்பட்டிருப்பதும் இவ்வுறவுக்குச் சான்றாகும். இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு நடன அரங்கில், சிறப்பாக அமெரிக்காவில், இவ்விரண்டோடும் கணிப்பொறி மூன்றாவதாக வந்து சேர்ந்தது. ஆடுவோரின் அசைவை எந்திரம் உணர்ந்து மறுமொழி தரும் அரங்கினை ஊடாட்ட நிகழ்த்துகலை என்பர். இவ்வரலாற்றில் எந்திரம் பகடையாகவும் கருவியாகவும் உடனாடுநராகவும் இடம்பெற்ற மூன்று நிலைகளைச் சுட்டி, ஒவ்வொன்றிலும் ஆடுவோர்க்கு எஞ்சிய உரிமை யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பகடையாக எந்திரம்

செருமானிய இசைவாணர் கிர்ன்பெர்கர் 1757-இல் வெளியிட்ட நூலொன்று, பகடையில் விழும் எண்ணுக்கேற்ப இசைத் துண்டுகளைக் கோத்து, மினுயெட், பொலொனேஸ் ஆகிய ஆடல்களுக்குரிய இசையை அமைக்கும் முறையைக் கற்பித்தது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இம்முறை ஆடலுக்குள்ளேயே புகுந்தது. அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1951-இல் ‘பதினாறு நடனங்கள்’ என்னும் படைப்பின் ஒரு பகுதியை நாணயம் சுண்டி அமைத்தார். 1964-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜீன் பீமன் அப்பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தார். வேகம், திசை, அசைவு என்னும் பட்டியல்களிலிருந்து எந்திரம் தற்செயலாகத் தெரிந்தெடுத்த கட்டளைகளை ஆடுவோர் உடலால் நிறைவேற்றினர்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. கன்னிங்ஹாமின் பெரும்பாலான படைப்புகளில் நாணயம் ஒத்திகைக்கு முன்னரே சுண்டப்பட்டது. மேடையேறும்போது அசைவுகளின் வரிசை உறுதியாகிவிட்டிருக்கும். ஆடுவோர்க்கு மேடையிலேயே தெரிவுரிமை தந்த ‘ஸ்டோரி’ (1963) போன்றவை விலக்குகளே. எனவே, பகடை அமைப்பாளரின் பழக்கத்தைத் தளர்த்தியதேயன்றி, ஆடுவோர்க்கு விளையாடும் உரிமையை வழங்கிற்று எனக் கொள்ள இயலாது.

கருவியாக எந்திரம்

1965 சூலை 23 அன்று நியூயார்க்கின் லிங்கன் மையத்தில் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் ‘வேரியேஷன்ஸ் 5’ என்னும் நிகழ்வை அரங்கேற்றினர். மேடையில் நிறுத்தப்பட்ட ஆன்டெனாக் கம்பங்களும் ஒளிமின்கலங்களும் ஆடுவோரின் அசைவை உணர்ந்து ஒலியைத் தூண்டின. எனினும், எவ்வொலி அவைக்கு எட்டவேண்டும் என்பதை ஒலிக்கலவை மேசையில் இருந்த இசைஞரே முடிவுசெய்தனர். தம் அசைவால் விளைந்த ஒலி இன்னதென்று ஆடுவோர் தெளிவாக அறிய வழியில்லை. கருவி இருந்தது, அதை மீட்டும் கை ஆடுவோருடையதாக இல்லை.

இக்குறையை நீக்கியவை நடன அரங்கிற்கு வெளியே தோன்றிய இரு முயற்சிகளாகும். அமெரிக்கரான மைரன் குரூகர் 1970-களில் தொடங்கி வளர்த்த ‘வீடியோபிளேஸ்’ என்னும் அமைப்பில், பங்கேற்பவரின் நிழலுருவோடு ‘கிரிட்டர்’ என்னும் சிற்றுயிர் திரையில் துரத்தியும் ஏறியும் விளையாடியது. கனடாவின் டேவிட் ரோக்பி 1982 முதல் உருவாக்கிய ‘வெரி நெர்வஸ் சிஸ்டம்’, ஒளிப்படக்கருவியின் வழி உடலசைவைக் கண்டு உடனுக்குடன் இசை எழுப்பியது. இரண்டிலும் விதிகளைச் சொல்லித்தருவார் இல்லை. அசைந்து பார்த்தே அவற்றைக் கண்டறிய வேண்டும். விதியைக் கண்டறிதல் விளையாட்டின் இன்பமாகவும், அதற்கென உடல் எடுக்கும் வடிவம் ஆடலாகவும் அமைந்தது.

இதற்கு நேர்மாறானது 1998-இல் கொனாமி நிறுவனம் சப்பானில் வெளியிட்ட ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’. இதில் திரையின் அம்புக்குறி இடும் கட்டளைப்படி கால் மிதிக்க வேண்டும். பிழைக்கு மதிப்பெண் குறையும். ஆடலும் விளையாட்டும் கூடிய இடமெல்லாம் ஆடுவோர் விடுதலை பெற்றனர் என்னும் பொதுக்கருத்தை இது மறுக்கிறது.

உடனாடுநராக எந்திரம்

கன்னிங்ஹாம் 1989 முதல் ‘லைஃப்ஃபார்ம்ஸ்’ என்னும் மென்பொருளைக் கொண்டு அசைவுகளை அமைத்தார். 1999-இல் பால் கைசர், ஷெல்லி எஷ்கர் ஆகியோருடன் இணைந்து ‘பைப்பெட்’ என்னும் படைப்பை அளித்தார். அதில் பதிவுசெய்த அசைவுகளிலிருந்து வரைந்த உருவங்கள் மேடையில் ஒளிர்ந்தன. ஆயினும், அவை உடனாடவில்லை; முன்பே முடிவுசெய்யப்பட்டவை. 2005-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிரிஷா பிரவுன் குழுவினர் ஆடிய படைப்பில் இந்நிலை மாறியது. மார்க் டவுனி முதலியோர் அமைத்த திரையுருவங்கள் ஆடுவோரின் அசைவை அந்நேரமே உணர்ந்து, தமக்கென வகுக்கப்பட்ட இலக்கை நோக்கி இயங்கின. மேடையின் ஒரு புறமிருந்து மறுபுறம் செல்ல விழையும் முக்கோண உரு, ஆடுவோரின் உடற்புள்ளிகளைப் பற்றிக்கொண்டு நகர்ந்தது. இலக்கும் தடையும் உடைய விளையாட்டாளியாக எந்திரம் இங்கு மேடையேறியது எனலாம்.

அவ்வுருவங்களின் விதிகளை வகுத்தவர் மனிதரே. 2019-இல் வெய்ன் மெக்ரிகரும் கூகுள் நிறுவனத்தாரும் உருவாக்கிய ‘லிவிங் ஆர்க்கைவ்’ என்னும் அமைப்போ, அவருடைய பல்லாண்டுப் படைப்புகளின் காட்சிப்பதிவுகளிலிருந்து தானே கற்றது. ஆடுவோர் ஓர் அசைவைக் காட்டினால், தொடர்ந்து வரத்தக்க அசைவுகளை அது முன்வைத்தது. தெரிவு மீண்டும் ஆடுவோர் கைக்கு வந்தது. ஆயின், அதற்கு ஆசானாக இருந்தவை அப்பதிவுகளில் ஆடிய உடல்களே. அமைப்பாளர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் முன்நிற்கும்போது அவ்வுடல்களின் பங்கு பின்தள்ளப்படுகிறது.

இவ்விடத்தில் கன்னிங்ஹாமின் ஒரு செயல் நினைக்கத்தக்கது. அவர் கைவிரல்களால் ஆடிய ‘லூப்ஸ்’ என்னும் தனி ஆடலின் அசைவுப் பதிவிலிருந்து 2001-இல் ஒரு கணிப்பொறிப் படைப்பு உருவானது. 2008-இல் அவ்வாடலமைப்பும் மென்பொருள் நிரலும் யாவரும் பயன்படுத்தத்தக்க பொது உரிமத்தில் வெளியிடப்பட்டன. 2009-இல் அவர் மறைந்தார். 2011 திசம்பர் 31 அன்று அவருடைய குழு இறுதியாக ஆடிக் கலைந்தது. அவ்விரல்களின் அசைவு மட்டும் ஆடியவரின் பெயரோடும் இசைவோடும் பிறர் எடுத்தாளக் கிடைக்கிறது.

முடிவுரை

பகடை எவரிடமும் கற்பதில்லை. எனவே அது எவருக்கும் கடன்படவில்லை. கற்கும் எந்திரம் அத்தகையதன்று. ஊடாட்ட நிகழ்த்துகலையின் வரலாறு இதுவரை பெரும்பாலும் கருவிகளையும் அவற்றை ஆக்கியோரையும் முன்னிறுத்தியே எழுதப்பட்டுள்ளது. எவருடைய உடலிலிருந்து எந்திரம் ஆடக் கற்றது, அவர்தம் இசைவு பெறப்பட்டதா என்னும் வினாக்களையும் இனிவரும் ஆய்வுகள் எழுப்புதல் வேண்டும். ஆடியவரின் பெயரும் ஆவணத்தில் இடம்பெறும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.