பேபி ஸ்ரீதேவியும் எங்கள் வகுப்பின் வெற்று இருக்கையும்

நூற்றாண்டு மலருக்கு எங்கள் தொகுதியிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். நாம் படித்த காலத்தில் மாணவிகளின் மனதில் அதிகம் இடம்பிடித்த ஒருவரைப் பற்றி எழுதுவோம் என்று முடிவு செய்தோம். யார் என்பதில் சிக்கல் இல்லை. வட்டவளையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் வந்த பதில் ஒன்றுதான்: ஸ்ரீதேவி. என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை மூண்டது. "அப்படி ஒரு நடிகை இனிப் பிறக்கப் போவதில்லை" என்றாள் ஒருத்தி. "இன்னொருத்தியின் குடும்பத்தைக் கெடுத்தவரைப் பாடசாலை மலரில் போடுவதா?" என்றாள் மற்றவள். முப்பது வருடங்களுக்கு முன் விடுதியில் விளக்கணைத்த பின் போர்வைக்குள் நடந்த அதே வழக்கு, தீர்ப்பில்லாமல் இன்றும் நிலுவையில் இருக்கிறது. எங்களில் டொக்டராக இருப்பவளிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் பேசுவது நாம் எல்லோரும்தான்.

முதலில் வரலாறு. ஸ்ரீதேவி 1963 ஆகஸ்ட் 13ஆம் திகதி சிவகாசிக்கு அருகேயுள்ள மீனம்பட்டியில் பிறந்தார். தகப்பனார் ஐயப்பன் வழக்கறிஞர், தாயார் ராஜேஸ்வரி. சாண்டோ சின்னப்பா தேவரின் 'துணைவன்' 1969இல் வந்தபோது குழந்தை முருகனாகத் திரையில் நின்றது அந்தப் பிள்ளைதான். அதே ஆண்டு 'நம்நாடு' படத்தில் எம்.ஜி.ஆருடன் நடித்தார். கண்டிச் சீமையில் பிறந்த எம்.ஜி.ஆரும், வறுமையினால் சிறுவயதிலேயே நாடகக் கம்பனியில் சேர்க்கப்பட்டவர் என்பது எங்கள் பக்கத்தில் பாட்டிமாருக்கும் தெரிந்த கதை. 1971இல் 'பூம்பாட்டா' என்ற மலையாளப் படத்துக்காகச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான கேரள அரசின் விருது கிடைத்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று பேபி ஸ்ரீதேவி ஓடிக்கொண்டே இருந்தார்.

குழந்தை நட்சத்திரங்கள் பலர் வளர்ந்ததும் மறக்கப்பட்டுவிடுவார்கள். இவருக்கு அந்த இடைவெளியே கிடைக்கவில்லை. 1976இல் 'மூன்று முடிச்சு' படத்தில் நாயகியாக்கப்பட்டபோது வயது 13. 25 வயது ரஜினிகாந்துக்குச் சித்தியாக நடித்தார். அடுத்த ஆண்டு '16 வயதினிலே' மயிலு. மயிலுக்குப் பதினாறு என்று கதை சொன்னது, நடித்தவருக்குப் பதினான்கு. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. நாங்கள் வகுப்பறையில் கழித்த வருடங்களை அவர் விளக்குகளுக்கு முன்னால் கழித்தார்.

எங்களுக்கு அவர் வந்து சேர்ந்தது டெக் வழியாக. தீபாவளிக்கும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் தோட்டத்தில் காசு சேர்த்து, டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே விடிய விடியப் படம் போடுவார்கள். சாக்கு விரித்து, கம்பளி போர்த்தி, பனியில் நனைந்து பார்த்தோம். 'மூன்றாம் பிறை' அப்படிப் பார்த்த படம். 1982இல் அதை எடுத்த பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் என்பதைப் பின்னாளில் அறிந்து பெருமைப்பட்டோம். கதை நடப்பது ஊட்டிப் பக்கத்து மலையில். மூடுபனி, குளிர், ரயில் என்று எல்லாம் வட்டவளை போலவே இருந்தது. கடைசிக் காட்சியில் கமல்ஹாசன் மழையில் ரயிலின் பின்னால் ஓடும்போது, எங்கள் ஸ்டேஷனிலேயே அது நடப்பதாக நினைத்து அழுதோம்.

அந்தப் படத்தில் ஸ்ரீதேவி விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட ஒரு பெண். அடம்பிடிப்பதும் நாய்க்குட்டியோடு விளையாடுவதும் அவ்வளவு உண்மையாக இருக்கும். நான்கு வயதிலிருந்து வேலை செய்த ஒருவர் குழந்தைத்தனத்தை எங்கிருந்து எடுத்து நடித்தார் என்ற கேள்வி அன்று எங்களுக்கு எழவில்லை.

பிறகு அவர் பம்பாய்க்குப் போனார். 'ஹிம்மத்வாலா', 'நாகினா', 'மிஸ்டர் இந்தியா', 'சாந்தினி' என்று அங்கும் முதலிடம். கூடவே கதைகளும் வளர்ந்தன. படப்பிடிப்பில் யாரோடும் பேசமாட்டார், தலைக்கனம் பிடித்தவர் என்றார்கள். அம்மாவைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்றார்கள். மூக்கை மாற்றிக்கொண்டார் என்று சஞ்சிகைகள் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டன. 1996இல் அவர் மணந்துகொண்ட தயாரிப்பாளர் போனி கபூர் ஏற்கெனவே மணமானவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அதோடு 'குடும்பம் கலைத்தவள்' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது.

இதில் பூசி மெழுக எங்களுக்கு விருப்பமில்லை. அந்த முதல் மனைவியின் வேதனையும் பிள்ளைகளின் வேதனையும் உண்மையானவை. அவர்கள் பக்கம் நின்று பேசிய தோழியின் வாதத்தை நாம் தள்ளவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். அந்தத் திருமணத்தில் இருவர் இருந்தார்கள்; எங்கள் விடுதி வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் ஒருவர் மட்டுமே. கணவரின் பெயரை எங்களில் யாரும் உச்சரித்ததாக நினைவில்லை.

அந்தத் திருமணத்துக்கு முந்திய வருடம் நடந்ததை மருத்துவம் படித்த பிறகுதான் சரியாக விளங்கிக்கொண்டோம். 1995இல் அவருடைய தாயாருக்கு மூளையில் கட்டி. அமெரிக்காவில் பெயர்பெற்ற மருத்துவமனையொன்றில் சத்திரசிகிச்சை. இன்னொரு நோயாளியின் விபரங்களோடு குழம்பி, மூளையின் தவறான பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். தாயார் அடுத்த ஆண்டு இறந்தார். இன்று எந்தத் தியேட்டரிலும் கத்தி வைப்பதற்கு முன் அனைவரும் ஒரு நிமிடம் நின்று நோயாளியின் பெயர், சிகிச்சை, எந்தப் பக்கம் என்று உரக்கச் சொல்லிச் சரிபார்க்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியல் 2008இல் வந்தது. அத்தகைய தவறுகள் கற்றுத்தந்த பாடம் அது. நான்கு வயதிலிருந்து தன் ஒவ்வொரு முடிவையும் எடுத்த தாயை அப்படி இழந்த பெண், யார் தோளில் சாய்ந்தார் என்று கேட்டுச் சிரித்த கூட்டத்தில் நாங்களும் இருந்தோம்.

இனி எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறோம்.

தோட்டத்தில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு 'அரைப் பேர்' போட்ட காலத்தைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்ற விதி 1998இல் நடைமுறைக்கு வந்தது; 2016இல் அது 16 வயதுவரை நீண்டது. வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 16 ஆனது 2021இல். இந்த இரண்டு விதிகளும் வருமுன்னரே, நாங்கள் ஏழாம் ஆண்டில் இருந்தபோது, எங்கள் வகுப்பில் மூன்றாவது வரிசையில் ஓர் இருக்கை வெறுமையானது. கணக்கில் எப்போதும் முதலாவதாக வருபவள். கொழும்பில் ஒரு வீட்டுக்கு 'பிள்ளை பார்க்க' அனுப்பப்பட்டாள். அவளுக்கே வயது பன்னிரண்டு.

மூன்று வருடம் கழித்துத் தீபாவளிக்கு வந்தாள். உயர்ந்த செருப்பு, பளபளவென்று ஒரு சட்டை, முகத்தில் பவுடர். "ஸ்ரீதேவி வந்துட்டா" என்று நாம்தான் பெயர் வைத்தோம். கொழும்பில் எப்படி இருந்தாளோ என்று அதற்கு மேலும் பேசினோம். அவற்றை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

பல வருடங்களுக்குப் பிறகு எங்களில் ஒருத்தியின் கிளினிக்குக்கு மகளை அழைத்துக்கொண்டு அவள் வந்தாள். மருந்து எழுதி முடிந்ததும் பழைய கதை தொடங்கியது. குசினித் தரையில் படுத்ததையும், அந்தச் சம்பளத்தில் இரண்டு தம்பிமார் படித்ததையும் சாதாரணமாகச் சொன்னாள். எழுந்து போகும்போதுதான் சொன்னாள்: "நீங்க எல்லாம் பேசினது என் காதுல விழுந்திச்சி. அப்ப நானும் பிள்ளதானே." கோபமாகச் சொல்லவில்லை. மகளை எங்கள் கல்லூரியில் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள்.

குழந்தையின் உழைப்பு நல்ல உடை உடுத்தி வந்தால் அது உழைப்பாகவே உலகத்துக்குத் தெரிவதில்லை. ஹொலிவூட்டில் சார்ளி சப்ளினோடு 1921இல் 'தி கிட்' படத்தில் நடித்துப் புகழடைந்த ஜக்கி கூகன், வளர்ந்த பின் தன் சம்பாத்தியம் தாயாலும் மாற்றாந்தகப்பனாலும் செலவழிக்கப்பட்டதைக் கண்டு நீதிமன்றம் போனார். அதன் விளைவாகவே 1939இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகருக்கான சட்டம் பிறந்தது. இந்தியாவில், குழந்தை நடிகரை ஒரு நாளில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வருமானத்தில் 20 வீதமாவது அவர் பெயரில் வைப்பிலிட வேண்டும் என்ற விதிகள் 2017இல்தான் வந்தன. 'துணைவன்' வெளியாகி 48 வருடங்களுக்குப் பின்.

ஸ்ரீதேவி 15 வருட இடைவெளிக்குப் பின் 2012இல் 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தில் திரும்பி வந்தார். ஆங்கிலம் தெரியாததால் சொந்த மகளே கேலி செய்யும் ஒரு தாய். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் போய், முதல் விரிவுரையில் ஒரு சொல்லும் விளங்காமல் உட்கார்ந்திருந்த எங்களில் பலருக்கு அந்தக் கண்ணீருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

2018 பெப்ரவரி 24ஆம் திகதி டுபாய் ஹொட்டல் ஒன்றில் இறந்தார். வயது 54. தவறுதலாகக் குளியல் தொட்டியில் மூழ்கியதே காரணம் என்று அங்குள்ள அதிகாரிகள் அறிவித்தார்கள். அதற்கிடையில் சில தொலைக்காட்சிகள் தொட்டிக்குள் நிருபரை நிற்கவைத்தே செய்தி வாசித்துவிட்டன. சில வாரங்களில், 'மாம்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. முதல் தேசிய விருது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அவர் நல்லவரா என்று தீர்ப்பெழுத நாம் இதை எழுதவில்லை. அந்தத் தகுதியும் எமக்கில்லை. அவர் தவறும் செய்திருக்கலாம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பிக் கைதட்டிய உலகம், அவர் வளர்ந்ததும் ஒழுக்கம் பேசியது. வட்டவளையில் நாமும் அதையே செய்தோம், கைதட்டலைத் தவிர்த்து.

நூறு வயது காணும் எமது கல்லூரியை வாழ்த்தும் வேளையில் எல்லாத் தொகுதிகளின் சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பிலும் ஓர் இருக்கை வெறுமையாகியிருக்கும். அந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையால் வெட்டப்பட்டிருக்கும். அவரும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான். தேடிப் பாருங்கள், விழாவுக்கு அழையுங்கள். நாம் எங்கள் தோழிக்கு அழைப்பிதழ் அனுப்பிவிட்டோம். மகள் இப்போது சாதாரண தரம் படிக்கிறாளாம், எங்கள் பழைய வகுப்பறையில்.