இலங்கை விமானப்படை நூதனசாலை, இரத்மலானை

இலங்கை விமானப்படை நூதனசாலை கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை விமான நிலையத்தை ஒட்டி அமைந்துள்ளது. சேவையிலிருந்து நீங்கிய விமானங்களைப் பாதுகாக்கும் பிரிவாக 1993இல் தொடங்கிய இது, புதுப்பிக்கப்பட்டு 2009 நவம்பர் 5இல் மீண்டும் திறக்கப்பட்டது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வெல்லாவெளி முதலிய படுவான்கரை ஊர்களிலிருந்து வருவோர் பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வந்து, மட்டக்களப்பில் ரயிலேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, கரையோரப் பாதை ரயிலில் இரத்மலானையை அடையலாம்.

இந்நூதனசாலையின் முதல் அரும்பொருள் அது நிற்கும் நிலமே. சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ 1935 நவம்பர் 27இல் ஒரு 'புஸ் மொத்' விமானத்தில் வந்து இங்கே முதன்முதலாகத் தரையிறங்கினார். சிறகு மேலே அமைந்து, மூடிய அறையில் ஓரிருவரை மட்டும் ஏற்றக்கூடிய சிறு விமானம் அது. இரத்மலானையின் விமான வரலாறு அந்த நாளில்தான் தொடங்குகிறது. 1947 டிசம்பர் 10இல் 'ஏர் சிலோன்' நிறுவனத்தின் முதல் பயணிகள் விமானமும் இங்கிருந்தே காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது. டக்கோட்டா வகையைச் சேர்ந்த அதற்குச் சீதாதேவி என்று பெயரிட்டிருந்தார்கள். இலங்கை விமானத்துறையின் முதற்பக்கங்களில் தமிழகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள இந்த இடம் பரவலாக அறியப்பட வேண்டியது.

இரண்டாம் உலகப் போரில் இரத்மலானை பிரித்தானிய விமானப்படைத் தளமாயிற்று. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இங்கிருந்து ஹரிக்கேன் போர் விமானங்கள் எழுந்தன. நான்கு நாள் கழித்துப் போர் மட்டக்களப்புக் கடலுக்கு வந்தது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட உலகின் முதற்கப்பலான ஹேர்மிஸ், தன் விமானங்கள் கரையில் நிற்க, ஏப்ரல் 9இல் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் இறந்தனர். கப்பல் இன்றும் மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது. கிழக்கு மாகாண மாணவரைக் கல்விச் சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்கள் இதைச் சொல்லித் தொடங்குவது நல்லது.

1951இல் உருவான றோயல் சிலோன் விமானப்படை முதலில் பெற்ற சிப்மங் பயிற்சி விமானம் காட்சிப்பொருள்களில் ஒன்று. வாலடிச் சக்கரத்தில் நிற்பதால் அதன் மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். தரையில் ஓட்டும்போது முன்வழி மறைவதால் விமானி வளைந்து வளைந்தே செல்லவேண்டும். பேலியல் விமானத்தில் ஆசானும் மாணவரும் அருகருகே அமர்வர். அதன் மெர்லின் எஞ்சின் ஹரிக்கேனின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜெட் புரொவோஸ்ட் விமானங்கள் சீனக்குடாவில் முடங்கிக் கிடந்து, 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது மீண்டும் பறக்கவிடப்பட்டவை. அதே ஆண்டு சோவியத் ஒன்றியம் தந்த மிக் 17 விமானமும் இங்கு உண்டு.

ஆர்ஜென்டீனாவில் தயாரான புக்காரா தாக்குதல் விமானத்தின் முன் தமிழர் நெடுநேரம் நிற்பது இயல்பு. 1990களில் வாங்கப்பட்ட நான்கில் எஞ்சிய ஒன்று அது. உயரமான கால்கள், இரு எஞ்சின்கள், உச்சியில் கிடைச் சிறகு தாங்கிய வால் என, வடகிழக்கு மக்கள் 'பொம்மர்' என்று கூறிப் பதுங்குகுழிக்கு ஓடிய விமானங்களில் ஒன்றை இங்கே கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். 1995 ஜூலை 9இல் நவாலி தேவாலயத்தின் மீது நடந்த விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். போர் விமானங்களின் எந்த வரலாறும் கீழே நின்றவர்களைச் சேர்க்காமல் முழுமையாகாது.

விமானப்படையின் கதை கிழக்கிலும் தொடர்கிறது. மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் அமைக்கப்பட்டது. 1983இல் விமானப்படை அதைப் பொறுப்பேற்றது. பின்னர் சிவில் சேவைக்கும் திறக்கப்பட்டது.

விண்வெளித் துறையிலும் இரத்மலானைச் சுற்றுவட்டாரத்துக்குப் பங்குண்டு. இலங்கையின் முதல் ஆய்வுச் செய்மதியான இராவணா 1, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ளது. இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவாக்கிய இது, 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. இம்முயற்சியில் பங்கெடுத்த ஆதர் சி. கிளார்க் நிறுவகம் இரத்மலானைக்கு அருகே, மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ளது.